போயிட்டு வரேனுக்கு இங்கிலீஷ்

இஸ்திரி போடும் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என் நாத்தனார் 'ஹார்ட்' என்ற சொல்லை நாற்பதாவது முறையாகச் சொன்னார். நாற்பதாவது முறையும் அது 'ஹார்ட்டு' என்றுதான் வந்தது. வீட்டிலேயே சத்தம் குறைந்த அறை அதுதான். துவைத்த துணியும் போர்வையும் மூன்று பக்கமும் அடுக்கியிருப்பதால் எதிரொலி வராது என்று அவரே கண்டுபிடித்த இடம். நான் கீழே ஸ்டூலில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். சொல்லின் கடைசியில் அவர் வால் சேர்க்கும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுவது என் வேலை. தாள் நிறைந்து பின்பக்கம் திருப்பியாகிவிட்டது.

"கடைசியில அந்த 'உ' வேணாம் அண்ணி. ட்-லயே நிறுத்திடுங்க."

"அங்கயே நிறுத்தினா மூஞ்சியில கதவைச் சாத்தின மாதிரி இருக்கேம்மா. அப்புறம் பாடறவ எங்கே போய் நிக்கறது?"

பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று ஒன்றைப் படித்திருப்போம். கு, சு, டு, து, பு, று என்று தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போயிருப்போம். நாக்கு மட்டும் மறப்பதில்லை. எந்த ஊர்ச் சொல் வந்தாலும் அதற்கு ஒரு குட்டி உகரத்தை மாட்டிவிட்டுத்தான் உள்ளே விடும். பஸ்ஸு, லைட்டு, டிக்கெட்டு. நான் வேலை பார்க்கும் போன் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் பதினைந்து நாள் பாடமே இந்த வாலை நறுக்குவதுதான். நறுக்குகிறவள் நான். பதினொரு வருஷமாக ஆங்கிலக்காரர்களோடு போனில் பேசுவதும், பேசக் கற்றுக்கொடுப்பதும் என் பிழைப்பு. எதிர்முனையில் இருப்பவர் நான் அவருக்கு அடுத்த தெருவில் உட்கார்ந்திருப்பதாக நம்ப வேண்டும். அங்கே எனக்கு வேறு ஒரு பெயர்கூட உண்டு. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் கடைத்தெருவில்கூடத் திரும்பிப் பார்த்துவிடுவேன். ஆகவே அண்ணி ஆங்கிலத்தில் பாடப் போகிறார் என்று முடிவானதும் குடும்பமே என்னைக் கை காட்டியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. வெளியே அவருக்குப் பெயர் வெண்கலம். இருபது வயதில் முதன்முதலாக மேடை ஏறியபோது மைக் பாதியில் செத்துப்போய், அது இல்லாமலே கடைசி வரிசைவரைக்கும் கேட்டதாம். அன்றைக்கு யாரோ வைத்த பெயர். நான் கல்யாணமாகி வந்தபோது, நாத்தனார் இருக்கும் வீடு, பார்த்து நடந்துகொள் என்று ஆளாளுக்கு மிரட்டித்தான் அனுப்பினார்கள். வந்து பார்த்தால் இவருக்கு என்னைக் குறை சொல்ல நேரமே இல்லை, எந்நேரமும் பாடிக்கொண்டிருந்தார். பாத்திரம் தேய்த்தால் பாத்திரம் தேய்க்கும் வேகத்தில் பாட்டு, படி ஏறினால் மூச்சு வாங்கும் இடத்தில் சங்கதி. எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் வெளியூர் போகும் நாட்களில் வீடு விறைத்துப்போய்க் கிடக்கும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. நாத்தனாரிடம் இதையெல்லாமா சொல்வார்கள்?

அவருக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. இருபத்து மூன்றில் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டுதான் 'கதவைச் சாத்தாதே, போயிட்டு வரேன்'. தமிழ் பேசுகிறவர்களில் அது தெரியாதவர் குறைவு. ரயில் நிலையத்தில், விமான நிலைய வாசலில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் வண்டியில், எங்கே யார் யாரைப் பிரிந்தாலும் அந்த வரியைத்தான் முணுமுணுப்பார்கள். போன வருஷம் எங்கோ சில ஆங்கிலக்கார இளைஞர்கள் அதைப் போட்டு ஆட, அது போனுக்குப் போன் தாவி, ஒரு சொல்கூடப் புரியாத லட்சக்கணக்கான பேர் அதைக் கேட்டுவிட்டார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அந்த நாட்டு இசைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல். என் கணவர் வைத்த பெயர் ஃபைல்காரர். அந்த ஃபைலில் அண்ணியை 'வெளிநாட்டு மொழிப் பாடகி' என்று எழுதியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பேசும் பாஷை ஒரே தாளில் வெளிநாட்டு பாஷையாகிவிட்டது. நிபந்தனை எளிமையானது. அதே பாட்டை ஆங்கிலத்தில், அவர்கள் ஊர் ரேடியோவில், காலை நிகழ்ச்சியில், எதிரே நூற்றைம்பது பேரை உட்காரவைத்து நேரலையில் பாட வேண்டும். கேட்பவர்களுக்குப் பிடித்தால் நான்கு ஆங்கிலப் பாட்டுகளோடு ஓர் ஆல்பம். பிடிக்காவிட்டால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தான். "ஏறின லிஃப்ட் கொஞ்ச நேரம் நின்னாத்தான் அதுக்கு மரியாதை. நீ இன்னும் மேல பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கியேக்கா, உனக்கு இங்க என்ன குறை?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். அண்ணி எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நம்ம ஆளுங்க என் பாட்டைக் கேக்கறப்போ என்னைக் கேக்கறதில்லடா. அவங்கவங்க ஸ்டேஷனைக் கேக்கறாங்க. விட்டுட்டு வந்த ஆளைக் கேக்கறாங்க. நான் சுருதி தப்பினாக்கூட கண்ணைத் துடைச்சிக்கிறாங்க. பத்து வருஷமா நான் நல்லாப் பாடறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன் முன்னாடி போய் நின்னு பாத்துடணும்."

என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அன்றைக்குத்தான் நான் இந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆங்கில வரிகள் வந்துசேர்ந்த அன்று வம்பும் வந்தது. கம்பெனியின் பாடலாசிரியர் நன்றாகவே எழுதியிருந்தார். கதவு இருந்தது, மழை இருந்தது, ஹார்ட் மூன்று இடத்தில் இருந்தது. பல்லவியில், அண்ணி 'போயிட்டு வரேன்' என்று இழுத்து நிற்கும் இடத்தில், 'குட்பை' என்று இருந்தது. அண்ணி தாளைத் தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தார்.

"இது போறேன்ல?"

"குட்பைன்னா அப்படி ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா சொல்றதுதான்."

"வரேன்னு அர்த்தம் இருக்கா அதுல?"

"இல்ல."

"அப்போ போறேன்தான். இருபது வருஷமா வரேன் வரேன்னு சொன்ன வாயால எப்படிம்மா அதைச் சொல்ல?"

நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்துக் கடை பரப்பினேன். 'சீ யூ' என்றேன். அது 'பார்க்கலாம்', திரும்பி வருகிறவன் சொல்வதில்லை என்றார். திரும்பி வருவேன் என்று அர்த்தம் வரும்படி ஒன்றைச் சொன்னேன். அது சண்டைக்காரன் தெருமுனையில் நின்று சொல்வது போல இருக்கிறது என்றார். உண்மைதான், அப்படித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நாம் யாரும் போவதே இல்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன், ஆயிரம் மைல் தாண்டிப் போனாலும் போயிட்டு வரேன். கிளம்பும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. அண்ணி மேசையிலிருந்து குதித்து இறங்கினார்.

"நேராச் சொன்னா என்ன? போயிட்டுன்னா கோ. வரேன்னா கம். ஐ கோ அண்டு கம். தாளத்துக்கும் உக்காருது பாரு."

நான் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டேன். "அது தப்பு அண்ணி. சிரிப்பாங்க. அதை மட்டும் சொல்லவே சொல்லாதீங்க" என்றேன். என் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குப் புரியவில்லை. தாளைத் திரும்ப எடுத்தார். பிறகு, "சரிம்மா, நீ படிச்சவ" என்று மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு 'குட்பை' என்று பாட ஆரம்பித்தார். அடுத்த மூன்று வாரமும் அதையே பாடினார். கோடுகள் குறைந்துகொண்டே வந்து கடைசி நாள் தாளில் இரண்டே இரண்டுதான். பாட்டும் குறைந்துகொண்டே வந்தது. பல்லவிக்கு வரும்போது அந்தக் குரல் ஒப்புக்குச் சப்பாணியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவது எனக்கே தெரிந்தது. தெரிந்தும் கோட்டை எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஊருக்கு அண்ணியோடு மொழிபெயர்ப்பாளராக நானும் போனேன். நிகழ்ச்சி காலை பதினொன்றுக்கு. ஏழு மணிக்கு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், அண்ணி ஒரு ரொட்டித் துண்டைச் சாப்பிடாமல் நாலாகக் கிழித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னைக்கு நான் கோ அண்ட் கம்தான் பாடப் போறேன். உனக்கு மட்டும் சொல்லிடறேன். ஃபைல்காரர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

இனி மறைத்துப் பயன் இல்லை. முதலில் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலக்காரர்களிடம் இருக்கும் இன்னொரு அர்த்தத்தைச் சொன்னேன். 'கம்' என்பதற்கு, கணவன் மனைவி விஷயத்தில், வீட்டில் வைத்துச் சொல்ல முடியாத ஓர் அர்த்தம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தவள்தான். சொந்த நாத்தனாரிடம் அதைச் சொல்வதற்குள் காது மடல்வரை வேர்த்துவிட்டது. அண்ணி ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அடக் கடவுளே, 'வா'ங்கற வார்த்தையைக்கூட சும்மா விடலையா இவங்க!" அவருக்குச் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, மற்றதையும் சொன்னேன். அதைப் பதினொரு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

பயிற்சி முடிந்து போனில் உட்கார்ந்த முதல் வாரம். ஒரு வயதான அம்மாள் போனில் வந்தார். அவருடைய வீட்டு இணைப்பில் ஏதோ கோளாறு, நான் எழுந்துபோய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. லைனில் காத்திருக்கச் சொல்ல ஒழுங்கான வாக்கியம் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பதற்றத்தில் அது வரவில்லை. 'ஒன் மினிட் மேடம், ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். போன் பேச்சு முழுக்கப் பதிவாகும். அந்த ஏழு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, எப்படிப் பேசக் கூடாது என்பதற்கு உதாரணமாகப் பயிற்சி வகுப்பில் போட ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு நாலு அணி, அணிக்கு முப்பது பேர். போடும்போதெல்லாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். ஆறு வருஷமாக வகுப்பு எடுப்பது நான். அதைப் போடுவதும் நான். அது யார் குரல் என்று கேட்பார்கள். யாரோ பழைய ஆள், வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்வேன்.

அண்ணி சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. கிழித்த ரொட்டியை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா சிரிச்சாங்களா?"

"எந்தம்மா?"

"போன்ல இருந்தவங்க."

நான் யோசித்தேன். வகுப்பில் போடும் துண்டு என் குரலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. மேலதிகாரி இடத்தில் இல்லை, தேடிப் பிடிப்பதற்குள் பத்து நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது. இந்நேரம் வைத்திருப்பார் என்று நினைத்துத்தான் காதில் மாட்டினேன். வைக்கவில்லை. அந்த அம்மாள் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார். நான் 'மேடம்' என்றதும், 'வந்துவிட்டாயா' என்றார்.

"இல்ல அண்ணி, சிரிக்கல. வந்துட்டியான்னு கேட்டாங்க."

"அப்போ அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. இத்தனை வருஷமா சிரிச்சது உன் வகுப்புதான், நம்ம ஆளுங்க. நீயும்தான்." சொல்லிவிட்டு என் தட்டில் இருந்த முட்டையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் கூடத்தைவிட்டு எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

ரேடியோ நிலையத்தில் எல்லாம் கடிகார முள் மாதிரி நடந்தது. நூற்றைம்பது பேர் படிப்படியாக அமைந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தரையில் வாத்தியக்காரர்கள் மூன்று பேர், நடுவில் ஒரு மைக். கைதட்டலைப் பிடிப்பதற்காகக் கூரையிலிருந்து வேறு மைக்குகள் தொங்கின. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கனத்த கதவு, சத்தம் புகாத கதவு, அதன் மேல் சிவப்பு விளக்கு. விளக்கு எரியும்போது அதைத் தொடவே கூடாது என்று மூன்று பேர் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள். நானும் ஃபைல்காரரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவுக்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவருடைய மேசையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. நேரலையில் பதினைந்து விநாடி சத்தமே இல்லாமல் போனால் ஏதோ பழுது என்று நினைத்து இயந்திரம் தானாக வேறொரு பாட்டைப் போட்டுவிடுமாம். அது நடந்தால் தன் வேலை காலி என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஃபைல்காரர் பாட்டுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, எல்லாம் சரிதானே என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணிக்காக மேலே இருப்பவர்களிடம் பேசிப் பேசி இந்த ஒரு காலை வேளையை வாங்கிக் கொடுத்தவர். இப்போது சொன்னால் தடுத்துவிடலாம். அண்ணி குட்பை என்று பாடுவார், யாரும் சிரிக்கமாட்டார்கள், யாருக்கும் நினைவும் இருக்காது. சொல்லவா வேண்டாமா என்று அவர் மடியில் இருந்த தாளைப் பார்த்தேன். பதினொரு வருஷமாகப் பழக்கிய குரலில், ஒரு வால்கூட இல்லாமல், 'யெஸ்' என்றேன்.

தொகுப்பாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண், கலகலப்பானவர். வெளிநாட்டு மொழிப் பாடகி, முதன்முறையாக நம் மொழியில் என்று அறிமுகம் செய்தார். அண்ணி மைக் முன்னால் வந்து நின்றார். அவர்கள் வழக்கப்படி சரணம்தான் முதலில், அது சுத்தமாக வந்தது. ஹார்ட் ஹார்ட்டாகவே இருந்தது. கூட்டம் நல்ல பிள்ளையாக, விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் காலும் தாளம் போடவில்லை. பல்லவி வந்தது. 'ஐ கோ' என்று எடுத்து, மேலே போய், இறங்கி, 'அண்ட் கம்' என்று நின்றார். முன் வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரிய மனிதர் இருந்தார். அவர்தான் முதலில் மூக்கால் சிரித்தது. அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபைல்காரர் தாளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது பல்லவியில் சிரிப்பு மூன்றாவது வரிசைக்கும் ஏறிவிட்டது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பது போலத்தான். ஆனால் நேரலையில், நாற்பத்து மூன்று வயதில், ஒற்றை ஆளாக நின்று அதைக் கேட்பவருக்கு எல்லாச் சிரிப்பும் ஒன்றுதான். வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே குட்பைக்குத் தாவியிருப்பேன். சத்தியமாகத் தாவியிருப்பேன். அண்ணி சிரித்தவர்களை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பார்க்கிற முகம். பிறகு கையைத் தூக்கி வாத்தியங்களை நிறுத்தினார். மைக்கைவிட்டு விலகி, 'ஐ கோ' என்று பாடிக்கொண்டே நடந்தார். அந்த 'கோ' நீண்டுகொண்டே போனது. நேராகக் கதவுக்குப் போய், சிவப்பு விளக்கின் கீழே கைப்பிடியை இழுத்து, பாடியபடியே வெளியே போய்விட்டார். கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. குரல் பாதியில் அறுந்தது.

ஒலிப்பதிவுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேசையில் எண் ஒன்றிலிருந்து ஓட ஆரம்பித்தது. தொகுப்பாளர் பேசுவதற்காக வாயைத் திறந்தார், ஆனால் பேசவில்லை. அவரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றைம்பது பேரும் கதவைத்தான் பார்த்தார்கள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. சிவப்பு ஸ்வெட்டர்காரர் இருக்கையின் நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஆறு, ஏழு. எங்கள் அறையின் கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. எழுந்துபோய் அதன் வழியாக வெளியே தாழ்வாரத்தைப் பார்த்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலில் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் கை நடுங்கியது. வீட்டில் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பயமே இல்லாதவர் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா இதைச் செய்கிறார் என்று நினைத்தபோது, அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தேன், மேசையில் பதினொன்று. பன்னிரண்டு. தாளம் சுற்றி மறுபடி முதல் அடிக்கு வரக் காத்திருக்கிறார், அவசரப்படமாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

பதின்மூன்றில் கதவு திறந்தது. முதலில் குரல்தான் வந்தது, கூரை மைக்குகளில் தூரமாக, பிறகு கிட்டே கிட்டே. 'அண்டு கம்மு' என்றுதான் பாடினார். உகரம் இல்லாமல் அந்த ஸ்வரத்தில் நிற்க முடியாது என்பதை அப்போதுதான் நான் கேட்டேன். மைக்குக்கு வந்து சேர்ந்ததும், சேர்ந்த மூச்சிலேயே தமிழுக்கு மாறி, 'கதவைச் சாத்தாதே, போயிட்டு வரேன்' என்று எடுத்தார். வெண்கலம் முழுசாக ஒலித்தது. ரேடியோவில் கேட்டவர்களுக்குக் கதவும் தெரியாது, விளக்கும் தெரியாது. ஒரு குரல் போனது, ஒன்றுமில்லாமல் இருந்தது, அதே குரல் வந்தது. அவ்வளவுதான் கேட்டிருக்கும். யாரும் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்று அட்டை மாட்டிக்கொண்டு நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுவது எது, தட்டாமல் இருக்க முடியாமல் தட்டுவது எது என்று பாடகி வீட்டில் பத்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியும். ஆனாலும் நான் எதையும் அடித்துச் சொல்லமாட்டேன். அறையில் இருந்தது நூற்றைம்பது பேர். வீட்டிலும் காரிலும் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யார் கண்டது? அந்தப் பதின்மூன்று விநாடிக்குள் பாதிப் பேர் வேறு நிலையத்துக்குத் திருப்பியிருக்கலாம். ஃபைல்காரர் தாளை ஃபைலுக்குள் வைத்து மூடினார். இது தாளில் இல்லையே என்றார். தெரியும் என்றேன். எல்லாம் சரி என்றீர்களே என்றார். ஆமாம், சரியாகத்தானே இருந்தது என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மேலே பேசிவிட்டு ஒரு வாரத்தில் சொல்வதாகச் சொன்னார். அவர் முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

தாழ்வாரத்தில் அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னவெல்லாமோ சொல்ல நினைத்து, "ஏன் அண்ணி, அவ்வளவு நேரமா உள்ள வராம இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு ஆவர்த்தனம், தாளம் ரெண்டு சுத்து. அதுக்கு முன்னாடி வந்தா வந்த மாதிரியே இருக்காதும்மா." கோப்பையை என்னிடம் நீட்டினார். "நல்லாப் பாடினேனா?"

"பாடினீங்க அண்ணி."

"நீ சொல்லாதே. நீ அழுதிருக்கே, உன் கண்ணே சொல்லுது. உன்னை நம்ப முடியாது."

கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. கோட்டை மாட்டிக்கொண்டும் குடையைத் தேடிக்கொண்டும் எங்களைத் தாண்டிப் போனார்கள். சிலர் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார்கள், சிலர் பார்க்காமலே போனார்கள். கடைசிக்குச் சற்று முன்னால் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்காரர் வந்தார். எங்களைத் தாண்டி நாலடி போனவர் நின்று திரும்பினார். முகம் ஸ்வெட்டர் நிறத்துக்கு வந்துவிட்டது. விடைபெறுகிறவர்கள் செய்வது போல ஒரு கையைத் தூக்கி, "குட்..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடி இருந்தது, கை தூக்கியபடி இருந்தது. 'பை'யை விட்டுவிட்டு வேறு சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. எடுத்துக்கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.  பின்னால் வந்தவர்கள் அந்த மனிதரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் கையை இறக்காமல் அங்கேயே நின்றார். அண்ணியும் அவர் முகத்தைப் பார்த்தபடி அவசரப்படாமல் நின்றார்.